'இன் த வைல்டு' என்றால் என்ன? கம்ப்யூட்டர் வைரஸ் எச்சரிக்கைகளை வியாபாரிகள் படிக்கும் முறை

வங்கியிலிருந்தும், கணக்கு மென்பொருள் விற்றவரிடமிருந்தும், ஆடிட்டர் அலுவலகத்திலிருந்தும் நம் கடைகளுக்கு அடிக்கடி எச்சரிக்கைச் செய்திகள் வருகின்றன. அவற்றில் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வருவதை உறுப்பினர்கள் கவனித்திருக்கலாம். "இந்த வைரஸ் இன் த வைல்டு காணப்பட்டுள்ளது" என்றோ, "இந்த ஓட்டை இன் த வைல்டு பயன்படுத்தப்படுகிறது" என்றோ எழுதியிருப்பார்கள். 'வைல்டு' என்றால் காடு, காட்டுத்தனம் என்பதுதான் நமக்குத் தெரிந்த பொருள். அப்படியே தமிழ்ப்படுத்தினால் "காட்டில் காணப்பட்டுள்ளது" என்று வரும். ஏலகிரியில் கடை வைத்திருப்பவர் அதைப் படித்தால் வனத்துறைக்குத்தான் தகவல் சொல்வார்!

ஆனால் இச்சொல்லின் பொருளைச் சரியாகத் தெரிந்துகொள்வது அவசியம். ஓர் எச்சரிக்கையைப் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கி வைப்பதா, அல்லது இன்று கடை சாத்துவதற்குள் கவனிப்பதா என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு சொல்தான் தீர்மானிக்கிறது.

கூண்டும் காடும்

கம்ப்யூட்டர் வைரஸ்களை ஆராய்பவர்கள் தங்களிடம் உள்ள வைரஸ் சேகரிப்பை 'ஜூ', அதாவது மிருகக்காட்சிசாலை என்று அழைத்தார்கள். வேலூர்ப் பக்கத்து அமிர்தியில் வனவிலங்குகளைக் கூண்டில் வைத்திருப்பது நாம் பார்த்ததுதான். அங்கே விலங்கு இருக்கிறது என்பதற்காக யாரும் வீட்டுக் கதவைத் தாழிடுவதில்லை. அதே விலங்கு தெருவில் நடமாடுகிறது என்றால் நிலைமை வேறு. ஆராய்ச்சிக் கூடத்தில் மட்டும் உள்ள வைரஸ் 'ஜூ வைரஸ்'. சாதாரண மக்களின் கம்ப்யூட்டர்களில் பரவிக்கொண்டிருப்பது 'இன் த வைல்டு' வைரஸ்.

இன்னொரு உவமையும் நம் ஊரிலேயே இருக்கிறது. இராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் உள்ளது. ஆடுமாடுகளுக்கு வரும் அடைப்பான் போன்ற நோய்களுக்கு அங்கே தடுப்பூசி தயாரிக்கிறார்கள். அதற்கு நோய்க்கிருமியை வைத்துத்தான் வேலை செய்யவேண்டும். குப்பியில் கிருமி இருக்கிறது என்பதனால் தோல் மண்டிக்காரர் யாரும் கொள்முதலை நிறுத்தியதில்லை. சந்தைக்கு வந்த மாட்டுக்கு நோய் கண்டிருக்கிறது என்றால்தான் பேச்சு மாறும்.

இந்த வேறுபாட்டை முறைப்படுத்தியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜோ வெல்ஸ். 1993-ல் அவர் 'வைல்டுலிஸ்ட்' என்ற பட்டியலை வெளியிடத் தொடங்கினார். அன்றைய நிலைமை என்னவென்றால், வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்பவர்கள் "எங்கள் சரக்கு இத்தனை ஆயிரம் வைரஸைப் பிடிக்கும்" என்று போட்டி போட்டு விளம்பரம் செய்தார்கள். அந்த ஆயிரக்கணக்கில் பெரும்பாலானவை யாருடைய கம்ப்யூட்டருக்கும் வராதவை. வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்தவை ஒரு சில நூறுதான். எனவே வெல்ஸ் பல நாடுகளில் உள்ள நிபுணர்களிடம், தங்கள் வாடிக்கையாளர்களிடம் நேரில் கண்ட வைரஸ்களை மட்டும் தெரிவிக்கச் சொன்னார். குறைந்தது இரண்டு பேர் தனித்தனியாகத் தெரிவித்திருந்தால் அது முதன்மைப் பட்டியலில் ஏறும். ஒருவர் மட்டும் தெரிவித்தால் துணைப்பட்டியலில் நிற்கும்.

இங்கிலாந்தின் 'வைரஸ் புல்லட்டின்' என்னும் பத்திரிகை 1998 முதல் 'வி.பி.100' என்ற சான்றை வழங்கத் தொடங்கியபோது, இந்தப் பட்டியலில் உள்ள வைரஸ்கள் அனைத்தையும் பிடிக்கவேண்டும், நல்ல கோப்பு எதையும் வைரஸ் என்று தவறாகச் சொல்லக்கூடாது என்பதையே தேர்வு விதியாக வைத்தது. சென்னையில் 1991-ல் தொடங்கப்பட்ட கே7 கம்ப்யூட்டிங் நிறுவனமும் அந்தச் சான்றைப் பெற்றிருக்கிறது. பிற்காலத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு வேடம் போட்டு வரும் வைரஸ்கள் பெருகியதால் வெல்ஸின் பட்டியலுக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

நமக்கு ஏற்ற சொல்

தமிழில் இதற்கு நாம் புதிதாகச் சொல் தேடவேண்டியதில்லை. கல்லாவில் உட்காருபவர்கள் தினமும் சொல்லும் 'புழக்கம்' என்ற சொல்லே மிகப் பொருத்தமானது.

ஐநூறு ரூபாய்க் கள்ளநோட்டை யாரோ எங்கோ அச்சடிக்க முடியும் என்பது எல்லா நாளும் உண்மை. அதைக் கேட்டு நாம் வியாபாரத்தை நிறுத்துவதில்லை. ஆனால் "வாணியம்பாடியில் நேற்று இரண்டு கடைக்காரர்கள் கைக்கு வந்திருக்கிறது, இன்ன வரிசை எண்" என்று யாராவது சொன்னால், அடுத்து வாங்கும் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் கல்லாவில் போடமாட்டோம். அந்த இரண்டாவது நிலைதான் 'இன் த வைல்டு'. வெல்ஸ் வைத்த இரண்டு பேர் கணக்கும், ஒரு கள்ளநோட்டுச் செய்தியை நாம் நம்புவதற்கு வைத்திருக்கும் கணக்கும் ஒன்றாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

இச்சொல் எதைக் குறிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எல்லா இடத்திலும் பரவிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டு கம்ப்யூட்டரில் இருந்தாலும் புழக்கம்தான், இரண்டு லட்சத்தில் இருந்தாலும் புழக்கம்தான். மிகக் கொடியது என்றும் பொருள் இல்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் பூட்டி வைத்திருப்பது எல்லாவற்றையும் அழிக்கக்கூடியதாக இருக்கலாம், புழக்கத்தில் இருப்பது வெறும் விளம்பரம் காட்டித் தொல்லை செய்வதாக இருக்கலாம். 'வெளியே நடமாடுகிறது, உண்மையான மனிதர் ஒருவரின் கம்ப்யூட்டரில் கண்டிருக்கிறார்கள்' என்பது மட்டுமே இதன் பொருள். வேகத்தையும் கொடுமையையும் அறிவிப்பின் மற்ற வரிகளில்தான் பார்க்கவேண்டும்.

புழக்கத்துக்கு விட்டவர் கையில் அது நிற்பதும் இல்லை. இதற்குப் பழைய உதாரணம் ஒரு கடைதான். லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்னும் சகோதரர்கள் 1986-ல் 'பிரெயின்' என்ற வைரஸை எழுதினார்கள். தாங்கள் தயாரித்த மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகல் எடுப்பவர்களை மடக்குவதே நோக்கம் என்று பின்னர் கூறினார்கள். வைரஸுக்குள்ளேயே கடையின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தார்கள்! பிளாப்பி வழியாகக் கைமாறிக் கைமாறி அது அமெரிக்கப் பல்கலைக்கழகம் வரை போயிற்று. கடன் கொடுத்த சரக்குகூட அத்தனை தூரம் போனதில்லை.

ஓட்டைக்கும் இதே சொல்

இப்போது வரும் அறிவிப்புகளில் வைரஸைவிட மென்பொருள் ஓட்டையைப் பற்றியே இச்சொல் அதிகம் வருகிறது. விண்டோஸிலோ செல்போனிலோ ஓர் ஓட்டை இருப்பதாகக் கண்டுபிடிக்கிறார்கள். அதை அடைக்கும் அப்டேட் வருகிறது. ஓட்டை இருக்கிறது என்பது ஒரு நிலை. அதன் வழியாகத் திருடன் உள்ளே வந்துபோகிறான் என்பது மற்றொரு நிலை. இரண்டாவது நிலையைத்தான் 'எக்ஸ்பிளாய்டட் இன் த வைல்டு' என்று எழுதுகிறார்கள். குடோன் கூரையில் ஓடு விலகியிருப்பதற்கும், அந்த வழியே இறங்கி மூட்டை எடுத்துப் போயிருப்பதற்கும் உள்ள வேறுபாடு எனலாம். அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான 'சிசா', 2021 நவம்பரிலிருந்து இத்தகைய ஓட்டைகளுக்கு மட்டும் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. திருடன் பயன்படுத்தியதற்கு நம்பகமான ஆதாரம் இருந்தால்தான் அதில் ஏறும். ஏறியதும், இன்ன தேதிக்குள் அடைக்கவேண்டும் என்று அந்நாட்டு மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கெடு விதிக்கிறார்கள்.

ஓட்டை எப்படிப் புழக்கத்துக்கு வருகிறது என்பதற்கு 2017-ன் 'வான்னாகிரை' வைரஸைவிடத் தெளிவான பாடம் இல்லை. தேதிகளை வரிசையாகப் பாருங்கள். மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை வெளியிட்டது. அன்றைக்கு அது வெறும் எச்சரிக்கை. ஏப்ரல் 14 அன்று, அந்த ஓட்டை வழியே நுழையும் கருவியை ஒரு மர்மக் கும்பல் இணையத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி கொட்டியது. அமெரிக்க உளவு அமைப்பிடமிருந்து களவு போன கருவி அது. அன்றே கூண்டு திறந்துவிட்டது. மே 12, வெள்ளிக்கிழமை, வான்னாகிரை வந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. மூன்று நாள் தாண்டினால் இரட்டிப்பு. யாரும் எதையும் திறக்காமலே, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானாகத் தாவியது. இரண்டு மூன்று நாட்களுக்குள் 150 நாடுகளில் இரண்டு லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் அறிவித்தது.

மார்ச் 14-லிருந்து மே 12 வரை 59 நாட்கள். அந்த 59 நாளில் அப்டேட்டைப் போட்டிருந்தவர் கம்ப்யூட்டருக்குள் இது தாவ வழி இல்லை. பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள் என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். அது சரியல்ல. பாதிக்கப்பட்டவற்றில் மிகப்பெரும்பாலானவை விண்டோஸ் 7 என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் கணக்கிட்டது. அதற்கு மார்ச் மாதமே மருந்து வந்திருந்தது. போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டில் மேற்கு வங்க மாநில மின் விநியோக நிறுவனத்தின் மேற்கு மேதினிபூர் மாவட்ட அலுவலகங்கள் சிலவற்றில் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நமக்குப் பக்கத்தில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாக அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவும் அகப்பட்டன. வேலூர், ஆம்பூர் மக்கள் நினைத்தால் காலையில் புறப்பட்டுத் தரிசனம் முடித்துத் திரும்பும் ஊர் அது. 'இதெல்லாம் அமெரிக்காவில்' என்று நினைப்பவர்களுக்கும், 'மலைமேல் இருக்கிறோம், நம்மைத் தேடி எவன் வரப்போகிறான்' என்று நினைக்கும் ஆத்தனாவூர், நிலாவூர்க் கடைக்காரர்களுக்கும் இதைச் சொல்கிறோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் சிரமம் சரக்கு லாரிக்குத்தான் உண்டு.

இதில் இன்னொரு படிப்பினையும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. கூடுதல் காலத்துக்கெனத் தனியே பதிவு செய்துகொண்டவர்களுக்கே அதன்பின் வரும். பில் போடும் கம்ப்யூட்டர் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது. "நன்றாகத்தானே ஓடுகிறது" என்பது தராசுக்குச் சரி. கம்ப்யூட்டருக்குப் போதாது.

பெயர் வைக்கும் முன்பே புழக்கம்

எச்சரிக்கை முதலில், புழக்கம் பிறகு என்பதே எப்போதும் வரிசை என்று நினைத்துவிடக்கூடாது. தமிழ்நாட்டிலேயே நடந்தது ஒன்று. 2018-ன் கோடைக்காலத்திற்குப் பிறகு, இந்திய வங்கிகளின் ஏ.டி.எம். இயந்திரங்களில் அட்டை விவரங்களைத் திருடும் ஒரு வைரஸை காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் கண்டார்கள். அதன் வம்சத்தைத் தேடிப்போனபோது 'டிட்ராக்' என்னும் பெரிய உளவு வைரஸ் அகப்பட்டது. அந்த விவரத்தை அவர்கள் வெளியிட்டது 2019 செப்டம்பர் 23. அதே செப்டம்பர் 4-லேயே, கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பாக, மத்திய அரசின் கம்ப்யூட்டர் அவசரநிலைக் குழுவான 'செர்ட்-இன்' அணுமின் கழகத்துக்குத் தகவல் கொடுத்திருந்தது. அக்டோபர் 30 அன்று கழகம் அதை ஒப்புக்கொண்டது. இணையத்துடன் இணைந்த நிர்வாகப் பிரிவுக் கம்ப்யூட்டர் ஒன்றில்தான் வைரஸ் இருந்தது, அணு உலையை இயக்கும் பகுதி தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். பத்திரிகையில் பெயர் வருவதற்கு வெகு முன்பே அது நம் நாட்டில் நடமாடிக்கொண்டிருந்தது என்பதே நாம் பார்க்கவேண்டியது.

இன்னும் எளிய உதாரணம், கோப்புகளைச் சுருக்கி அனுப்பப் பயன்படும் 'வின்ரார்'. காசு கொடுக்காமலே பல கடைகளில் ஓடுகிறது. படம் என்று நினைத்துத் திறந்தால் பின்னால் வேறொரு கட்டளை ஓடும்படி அதில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைத்த 6.23-ஆம் பதிப்பு வந்தது 2023 ஆகஸ்ட் 2. ஆனால் அந்த ஆண்டு ஏப்ரல் முதலே பங்குச் சந்தைத் தரகுக்காரர்கள் கூடும் தளங்களில் திருடர்கள் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். மருந்து வருமுன் நோய் புழக்கத்தில் இருந்தால் அதற்கு 'ஜீரோ டே' என்று பெயர். வின்ரார் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது, நாமேதான் புதிய பதிப்பை ஏற்றவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

கணக்கு மென்பொருள் வழியாகவே வந்த கதையும் உண்டு. 2017 ஜூன் 27 அன்று பரவிய 'நாட்பெட்யா', உக்ரைனில் வியாபாரிகள் வரிக் கணக்குக்குப் பயன்படுத்திய 'எம்.இ.டாக்' என்ற மென்பொருளின் அப்டேட்டுக்குள் ஒளிந்து வந்தது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கியது. அதன் குழுமம் நடத்தி வந்த மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுக முனையத்தில் சரக்கு நின்றது. அப்டேட் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இதையும் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆயினும் அப்டேட் போடாமல் கெட்டவர்களே மிக அதிகம். அப்டேட் வழியே வரும் ஆபத்துக்கு மருந்து, கணக்கின் நகலைத் தனியாக வைத்திருப்பதுதான்.

வதந்தியின் புழக்கம்

எச்சரிக்கைகளை நம்மவர் அலட்சியம் செய்வதற்கு வாட்ஸ்அப்பில் சுற்றும் பொய் எச்சரிக்கைகளும் காரணம். "மார்டினெல்லி என்ற வீடியோ நாளை வருகிறது, திறந்தால் போன் போய்விடும்" என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. இது பொய் என்று ஸ்பெயின் நாட்டுக் காவல்துறை 2017-லேயே அறிவித்தது. இங்கே வைரஸ் புழக்கத்தில் இல்லை. வதந்திதான் புழக்கத்தில் இருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. உண்மை அறிவிப்பில் மென்பொருளின் பெயர், எந்தப் பதிப்பு, எந்தத் தேதி, அடைப்பதற்கு எது என்ற நான்கும் இருக்கும். "பத்து பேருக்கு அனுப்புங்கள்" என்று இருக்காது. அரசு அறிவிப்பு வேண்டுமானால் செர்ட்-இன் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். அந்த அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்தில் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

நம் கைக்கு வரும் சரக்கு

மளிகைக் கடைக்காரருக்கு அணுமின் நிலையத்து வைரஸ் வரப்போவதில்லை. நம்மிடம் வருவது செல்போனில்தான் வரும். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராத ரசீது, வங்கிப் பரிசுப் புள்ளி என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் 'ஏ.பி.கே.' கோப்புகளே அவை. அழைப்பிதழ் வேடத்தில் வருவதைப் பற்றி 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேசக் காவல்துறை எச்சரித்தது. படம் என்றால் கோப்பின் பெயர் 'ஜே.பி.ஜி.' என்றோ 'பி.டி.எஃப்.' என்றோ முடியும். 'ஏ.பி.கே.' என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, போனில் ஏறி உட்காரும் ஒரு செயலி.

அது ஏறியதும் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் நம் கண்ணில் படுமுன் திருடனுக்குப் போய்விடும். பிறகு நம் வாட்ஸ்அப் கணக்கையே பிடித்துக்கொண்டு, நம் பெயரிலேயே நம் வாடிக்கைக்காரர்களுக்கும் மொத்த வியாபாரிக்கும் அதே அழைப்பிதழ் போகும். தெரிந்த கடைக்காரர் அனுப்பியது என்று அவர்களும் திறப்பார்கள். முகூர்த்த மாதங்களில் இது ஏன் வேகமாகப் பரவுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. பணம் போவது ஒருபுறம், இருபது வருடம் பற்று வைத்து வாங்கியவர்களிடம் பெயர் கெடுவது மறுபுறம்.

ஆகவே கியூ.ஆர். அட்டைக்கு இணைத்துள்ள வங்கிக் கணக்கின் சிம், கடைப் பையன்களும் குழந்தைகளும் கையாளும் போனில் இருக்கவேண்டாம். தெரிந்தவர் எண்ணிலிருந்து ஏ.பி.கே. வந்தால் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் போன் கெட்டிருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரியவரும். கணக்குக் கோப்பை வாரம் ஒரு முறையாவது தனி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, எடுத்ததும் கழற்றி வைத்துவிடவேண்டும். மாட்டியபடியே விட்டால் வான்னாகிரை போன்றது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பணம் போனது தெரிந்தால் உடனே போனின் இணையத் தொடர்பை நிறுத்திவிட்டு, வேறொரு போனிலிருந்து 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். வங்கிக்கும் அதே வேளையில் சொல்லவேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே பிடித்தால்தான் நிறுத்தி வைக்க முடியும் என்பதால், சங்கத்துக்கு வந்து ஆலோசனை கேட்டுவிட்டுப் பிறகு அழைக்கலாம் என்று இருக்கவேண்டாம். முதலில் 1930, பிறகு சங்கம்.